மூட்டுவலிக்கு இன்னொரு டப்பா வாங்கும் முன்: பாலக்கோடு வாசகிக்குப் பதில்

கேள்வி:

என் அம்மாவுக்கு 58 வயது, எடை 72 கிலோ. பாலக்கோடு பக்கம் கிராமம்; பிறந்ததும் பக்கத்து ஊர்தான். தக்காளித் தோட்டத்தில் களை எடுப்பது, காய் பறிப்பது என்று தினமும் வேலை. எட்டு வருடமாக சுகரும் பிபியும் இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறார். பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று. மூன்று வருடமாக இரண்டு முழங்காலும் வலி. இப்போது இடுப்பும் கழுத்தும் விறைத்துப்போய், குனிந்தால் நிமிர நேரமாகிறது. மெடிக்கலில் அசிக்ளோஃபெனாக் - பாராசிட்டமால் மாத்திரை வாங்கி இருவேளை போடுகிறார்; வலி தாங்காத நாளில் கூடவே பாராசிட்டமால் 650 ஒன்றோ இரண்டோ. நான் ஓசூரில் இருந்து குளுக்கோசமைன் - காண்ட்ராய்டின் டப்பாவும் கால்சியம் - டி3 மாத்திரையும் வாங்கி அனுப்புகிறேன். இரண்டு மாதமாக ஒரு உறவினர் கொடுத்த மூட்டுவலிப் பொடியும் சாப்பிடுகிறார். அது நன்றாகக் கேட்கிறது, இரண்டே நாளில் வலி குறைந்துவிட்டது. நன்றாகப் பசிக்கிறது, முகமும் பூரிப்பாக இருக்கிறது. ஆனால் 170 இருந்த சுகர் 260 ஆகிவிட்டது. வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, வராத நாளில் போர் தண்ணீர்தான். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. கொலாஜன் பவுடர் சேர்க்கலாமா? எந்த சப்ளிமெண்ட் நல்லது? எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்:

சகோதரி, சப்ளிமெண்ட் பற்றிய கேள்விக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமானவை மூன்று இருக்கின்றன: அந்தப் பொடி, தினமும் போடும் வலி மாத்திரை, போர் தண்ணீர். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் நான்காவதாக ஒரு டப்பா வாங்குவதில் அம்மாவுக்கு ஒரு பலனும் இல்லை.

பொடியிலிருந்து தொடங்குவோம். இரண்டு நாளில் வலி பறந்தது, பசி கூடியது, முகம் உப்பியது, சுகர் எகிறியது. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன் இரண்டும் மிக மலிவான மருந்துகள். அரைத்துப் பொடியில் கலந்துவிட்டால் நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது. மூலிகை எதுவும் மூன்று வருட முழங்கால் வலியை இரண்டு நாளில் அடக்காது. நீங்கள் பூரிப்பு என்று நினைப்பது ஸ்டீராய்டால் முகத்தில் சேரும் கொழுப்பும் நீரும். இன்னும் சில மாதம் போனால் தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். எலும்பு பலம் இழக்கும். சின்னக் காயமும் ஆறாது.

ஆனாலும் பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடம்புக்குத் தேவையான கார்டிசோலைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சுமார் மூன்று வாரத்துக்கு மேல் போனதும் அந்தச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அம்மா இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். திடீரென்று நிறுத்தினால் எழுந்து நிற்க முடியாத சோர்வு, வாந்தி, பிபி இறக்கம், மயக்கம் எல்லாம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நாளையோ மறுநாளோ, தள்ளிப்போடாமல், பொடிப் பொட்டலத்தோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். “இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம்” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். பொடிக்குப் பதிலாக அளவு தெரிந்த பிரெட்னிசோலோன் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். காலை 8 மணிவாக்கில் கார்டிசோல் ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். ஏற்கெனவே பொடி தீர்ந்துபோய் வாந்தி, மயக்கம் வந்துவிட்டால் வெளிநோயாளி வரிசையில் நிற்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சுகர் 260 என்றதும் புதிதாக ஒரு சுகர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதையும் அங்கே சொல்லுங்கள். ஸ்டீராய்டு குறையக் குறைய சுகரும் இறங்கும். அப்போது கிளைமிபிரைடு போன்ற மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் தாழ்சுகர் மயக்கம் வரும்.

சித்த மருந்துதான் வேண்டும் என்று அம்மா சொன்னால் அதற்கு மறுப்பு இல்லை. அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, படித்த மருத்துவர் இருக்கிறார். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கும் இருக்க வேண்டும். காகிதப் பொட்டலத்தில் வருவதையும், கலர் கலராக உதிரியாகக் கட்டித் தரும் செட் மாத்திரையையும் வாங்காதீர்கள்.

அடுத்தது வலி மாத்திரை. அசிக்ளோஃபெனாக் தனியாகவே வயிற்றைப் புண்ணாக்கும். ஸ்டீராய்டும் சேரும்போது அந்த ஆபத்து பல மடங்கு. அதைவிட எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாமே அதன் உற்பத்தியைத் தடுப்பவை, அதனால் உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரையும் உப்பையும் குறைக்கிறது. மூன்றும் ஒரே ஆளுக்குள் போனால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தோட்டத்தில் வியர்த்து, சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், சில நாளிலேயே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிவிடும். வலி ஒன்றும் தெரியாது, கால் வீங்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே அசிக்ளோஃபெனாக்கை இப்போதே நிறுத்துங்கள். இதைச் சட்டென்று நிறுத்துவதில் ஆபத்து இல்லை. பிபி மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையே பிபியை ஏற்றியும் வைக்கும். அதனால் நிறுத்திய இரண்டு வாரம் கழித்து பிபி பாருங்கள், இறங்கியிருக்கலாம். அதற்கு முன்பே, பொடியைக் காட்டப் போகும்போது எடுக்கும் ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் பாருங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பாருங்கள். கிரியாட்டினினோடு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ‘இஜிஎஃப்ஆர்’ என்று ஒரு எண் தருவார்கள். அது 60க்குக் கீழ் என்றால் இந்த வகை மாத்திரைகளை மருத்துவர் மிக யோசித்துத்தான் எழுதுவார். 30க்குக் கீழ் என்றால் தொடவே கூடாது.

மெடிக்கலில் “இது வயிற்றைக் கெடுக்காது” என்று எட்டோரிகாக்சிப் கொடுப்பார்கள். வயிற்றுக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்பது உண்மைதான். சிறுநீரகத்துக்கு அதே கெடுதல். பிபியை மற்றவற்றைவிட அதிகமாக ஏற்றும். 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது. கூடவே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். அது வயிற்றுக்கு மட்டுமே காவல்.

இனி தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மூட்டுவலிக்கு மருந்து எழுதும் யாரும் இதைக் கேட்காமல் எழுதக் கூடாது என்பேன். இங்குள்ள பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. ஆழமாகத் துளைத்த போரில் அது கரைந்து வருகிறது. இரண்டு மாவட்டத்துக்கும் காவிரி நீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு பல்லிலும் எலும்பிலும் சேர்வதால் வரும் நோய்) பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருக்கிறது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

அம்மாவின் பல்லில் உள்ள பழுப்புக் கோடுகள், பல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுக்குள், அவர் ஃபுளோரைடு தண்ணீர் குடித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. (வேறு மாவட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்களுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பில் மட்டும் பாதிப்பு இருக்கும். பல் நன்றாக இருக்கிறது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.) தோட்ட வேலை செய்பவர் ஒரு நாளில் நாலு லிட்டர் குடிப்பார். போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால் 12 மில்லிகிராம் உள்ளே போகிறது. களி கிண்டவும் சோறு வடிக்கவும் ஊற்றும் தண்ணீர் இதில் சேரவில்லை. உடம்புக்குள் போன ஃபுளோரைடை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம். அது பழுதானால் ஃபுளோரைடு இன்னும் அதிகமாக எலும்பில் தங்கும். வலிக்காகப் போடும் மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுத்து, வலிக்குக் காரணமானதை உள்ளே தங்கவைக்கும் சுழல் இது. இந்த மண்ணில் வலி மாத்திரை தினமும் போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைப் பாருங்கள். முட்டி மடக்காமல் குனிந்து தரையில் உள்ள நாணயத்தை எடுக்க முடிகிறதா? தாடையை நெஞ்சில் தொட முடிகிறதா? இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, விரல்களைப் பிடரியில் வைக்க முடிகிறதா? ஃபுளோரோசிஸ் முகாம்களில் செய்து பார்ப்பதும் இவற்றைத்தான். முடியவில்லை என்பதாலேயே நோய் உறுதி ஆகிவிடாது. ஆனால் எக்ஸ்ரே எடுக்கும்போது முழங்கால் மட்டும் போதாது என்று தெரிந்துவிடும். முழங்கால் எக்ஸ்ரேயை நின்ற நிலையில், எடை தாங்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் தேய்மானம் குறைவாகத் தெரியும். கூடவே முன்கையும் இடுப்பு எலும்பும் எடுக்கச் சொல்லுங்கள். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது எலும்பு ஃபுளோரோசிஸின் தெளிவான அடையாளம். இந்த நோய் இருப்பவருக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் ‘நார்மல்’ என்றோ அதைவிட அதிகம் என்றோ வரும். எலும்பு கெட்டியாகத் தெரிந்தாலும் உறுதியாக இருக்காது, எளிதில் முறியும்.

போர் தண்ணீரைப் பரிசோதிக்க, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் யுவி ஃபில்டரும் இதை எடுக்காது. ஆர்ஓ எடுக்கும். ஆனால் விற்க வருபவர், தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் காட்டி 50 என்பார். அந்த மீட்டருக்கு ஃபுளோரைடைத் தனியாக அளக்கத் தெரியாது. மெஷின் மாட்டிய பிறகும், அதற்குப் பின் வருடம் ஒரு முறையும், வெளிவரும் தண்ணீரையே ஆய்வகத்தில் கொடுங்கள்.

செலவில்லாத வழியும் உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியாக இரண்டு குடம் பிடித்து மூடி வையுங்கள். வராத நாளுக்கு அது. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும். மேல்நிலைத் தொட்டியில் இரண்டு தண்ணீரும் கலக்கிறதா என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊரில் கலக்கிறது. மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. நல்ல தண்ணீருக்கு மாறியபின் வயிற்றுத் தொந்தரவும் தசை அசதியும் சில வாரங்களிலேயே குறைய வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்த தசைநார் பழையபடி ஆகாது. மேலும் கூடாமல் நிற்கும். கட்டன் டீ பழக்கம் இருந்தால் நாளுக்கு ஒரு கிளாஸோடு நிறுத்தச் சொல்லுங்கள், தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

இப்போதைக்கு வலிக்கு என்ன செய்வது? அம்மாவை அப்படியே வலியில் விட்டுவிடச் சொல்லவில்லை.

முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல மருந்து. மாத்திரையில் உடம்புக்குள் போவதில் சுமார் 6 சதவீதம்தான் இதில் ரத்தத்தில் கலக்கிறது. பலரும் பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு, கேட்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் அரை கிராம். ஒரு முழங்காலுக்கு அதுபோல் நான்கு கோடு, அதாவது 2 கிராம், நாளுக்கு மூன்று வேளை. இரண்டு முழங்காலுக்கும் நாளுக்கு 12 கிராம். 30 கிராம் டியூப் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். செலவு அதிகம் என்று தோன்றும், அதனால்தான் மருத்துவரிடம் எழுதி வாங்கி மக்கள் மருந்தகத்தில் வாங்கச் சொல்கிறேன். மெதுவாகத் தடவினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். அதன்மேல் துணி கட்டுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் கூடாது. மருந்து அதிகமாக உள்ளே இறங்கித் தோல் வெந்துபோகும். ஒத்தடம் வேண்டுமென்றால் வேறு நேரத்தில் கொடுங்கள். தடவிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. பலன் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இடுப்புக்கும் முதுகுக்கும் இது பெரிதாக உதவாது, மூட்டு அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுது என்று வந்தால் ஜெல்லையும் மருத்துவரைக் கேட்டே தொடருங்கள்.

பாராசிட்டமால் 650 நாளுக்கு மூன்று வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. மூன்று என்றால் 1,950 மில்லிகிராம். அம்மா வயதில் நாளுக்கு 3,000 என்ற எல்லைக்குள்தான் வருகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு இதன் பலன் சுமார்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை மற்றவற்றைவிடப் பாதுகாப்பு. தோட்டத்துக்குக் கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பு ஒன்று போட்டால், வலி ஏறியபின் போடுவதைவிட நன்றாக உதவும். சளி, காய்ச்சல் மாத்திரையிலும் ‘தசைவலி’ கூட்டு மாத்திரையிலும் இதே பாராசிட்டமால் 325 அல்லது 500 இருக்கும். அட்டையின் பின்பக்கம் படித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குத் தொடைத் தசையைவிட நல்ல மருந்து கிடையாது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். படுத்துக்கொண்டு, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்து முறை. பிறகு ஒரு காலை மடக்கி வைத்து, மற்றொரு காலை நீட்டியபடி ஒரு அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி மெதுவாக இறக்குவது, இதுவும் பத்து. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது. முதலில் ஐந்து, போகப் போகப் பத்து. நாளுக்கு இரண்டு தடவை. எட்டு வாரத்துக்கு முன்னால் பலன் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலோர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள், சுகர், பிபி மாத்திரையும் அதே வழியில் வரும்.

களை எடுக்கக் குந்தி உட்காராமல் ஒரு அடி உயர முக்காலியை நகர்த்தி நகர்த்திச் செய்யச் சொல்லுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது. அம்மா ஐந்து கிலோ குறைத்தால் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ. எந்த டப்பாவிலும் இது கிடைக்காது.

சப்ளிமெண்டுக்கு வருகிறேன். குளுக்கோசமைன் - காண்ட்ராய்டின் குறித்து அமெரிக்க அரசு நிதியில் 1,583 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. மொத்தத்தில் பார்த்தால், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது பெரிதாக வலியைக் குறைக்கவில்லை. அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் சங்கம் 2019இல் முழங்கால் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொன்னது. ஐரோப்பாவில் குளுக்கோசமைன் சல்ஃபேட் 1,500 மில்லிகிராம் என்ற ஒரு வகையை மட்டும் ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் டப்பாவைச் சாப்பிட்டு முடிக்கலாம், மொத்தம் மூன்று மாதம் ஆகியும் மாடி ஏறுவதில் வித்தியாசம் தெரியாவிட்டால் மறுபடி வாங்க வேண்டாம். பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஒவ்வாமை இருப்பவர்களும் சைவக்காரர்களும் லேபிள் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை போடுபவர் தொடவே கூடாது, ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும்.

கொலாஜன் பவுடர் வேண்டாம். வயிற்றில் அது மற்ற புரதங்களைப் போலவே செரிக்கிறது, அப்படியே போய் மூட்டில் ஒட்டிக்கொள்வதில்லை. சில பவுடரில் சர்க்கரை வேறு. அந்தப் பணத்துக்கு முட்டை, பச்சைப்பயறு, துவரை வாங்கினால் தொடைத் தசைக்காவது உதவும். மஞ்சள் கேப்ஸ்யூலில் கொஞ்சம் பலன் காட்டும் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் மிளகுச் சாரத்தோடு செறிவாக்கிய மஞ்சளால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

கால்சியம் தொடரட்டும், போடும் விதத்தை மாற்றுங்கள். உணவோடு சேர்த்துப் போட வேண்டும். அப்போதுதான் நன்றாகச் சேரும், சாப்பாட்டில் வரும் ஃபுளோரைடையும் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ஃபுளோரைடு உள்ள ஊரில் கால்சியம் குறைந்தால் எலும்பு இன்னும் மோசமாகும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் மிச்சம் வீண். பான்டோபிரசோல் தினமும் போடுபவருக்கு கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரம், இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். நம் ஊர் ராகி 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. சுகருக்கு அளவு பார்த்துக் களியும் மோரும் சேர்த்துக்கொள்ளலாம், களி கிண்டும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

வைட்டமின் டியை ரத்தத்தில் பார்த்துக்கொண்டு போடுங்கள். குறைவு என்றால் 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம். அப்புறம் மருத்துவர் சொல்வதுபோல் மாதம் ஒன்று. ‘சத்து மாத்திரைதானே’ என்று இதைத் தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமுமாக வருபவர்கள் இருக்கிறார்கள். அம்மா போடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் ரத்தக் கால்சியத்தைக் கொஞ்சம் ஏற்றும், அதனால் கூடுதல் கவனம். அதே மாத்திரை யூரிக் அமிலத்தையும் ஏற்றும். ‘யூரிக் ஆசிட் 7.5’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததுமே யாராவது கவுட் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். கவுட் என்றால் பெருவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்: பி12. பல வருடம் மெட்ஃபார்மின் போடுபவருக்கு அது குறையும். பாதம் மதமதப்பு, எரிச்சல், நடையில் தடுமாற்றம் எல்லாம் வரும். வீட்டில் அதையும் மூட்டுவலிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் பி12 போட வேண்டும். கடையில் நரம்பு மாத்திரை என்று கேட்டால் ப்ரீகாபலின் சேர்ந்ததைக் கொடுத்துவிடுவார்கள். அது தலைசுற்ற வைக்கும், இரவில் எழுந்து போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள அதுவே போதும். பி12 தனியாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் சொல்லுங்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம், மருந்தே வேறு. அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை அடங்கி உயிர் போனவர்கள் உண்டு. இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது அந்த மாத்திரை போட்டால், எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள்.

மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ, கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ, ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை. இரண்டு காலும் மரத்து, நடை பின்னி, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். ஃபுளோரோசிஸில் கெட்டியான எலும்பு தண்டுவடத்தை அழுத்துவதாலும் அப்படி வரும்.

முதல் வாரத்தில் பொடியைக் காட்டுவது, ரத்தப் பரிசோதனை, தண்ணீர்ப் பரிசோதனை இந்த மூன்று மட்டும் நடந்தால் போதும். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அசிக்ளோஃபெனாக் நிறுத்திய இரண்டு வாரத்தில் கிரியாட்டினினை மறுபடி பாருங்கள். ஜெல், பாராசிட்டமால், பயிற்சி மூன்றையும் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரவில் தூங்க முடியாத வலி இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டாம், பொடியில் கலந்ததும் இதுவும் ஒன்றல்ல. அளவு தெரிந்து, ஒரு மூட்டுக்குள் மட்டும், வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போகாமல் போடுவது. ஆனால் பொடியின் பாதிப்பு அடங்கியபின்தான் அது. ஊசி போட்ட அடுத்த ஒரு வாரம் வீட்டிலேயே தினமும் சுகர் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.